இல்லாத படத்துக்கு ஒரு டிரெய்லர்

சினிமாவில் டிரெய்லர் கட் செய்பவருக்கு முன்னால் முழுப் படமும் இருக்கிறது. இரண்டரை மணி நேரப் படம், அதில் சேராமல் விழுந்த காட்சிகள், ஒரே வசனத்தின் ஆறேழு டேக்குகள் எல்லாம் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும். அவர் செய்வது பொறுக்கியெடுக்கிற வேலை. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) வகுப்பில் "முழுநீளப் படம் ஒன்றுக்கான டிரெய்லர்" என்று அசைன்மென்ட் வரும்போது மாணவரிடம் அந்தப் படமே கிடையாது. எதைப் பொறுக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதை மட்டும் போய் எடுத்துவர வேண்டும். வேலை தலைகீழ். இது பிடிபடாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற குழுக்கள்தான் அதிகம்.

கிளம்பியவர்கள் என்ன செய்வார்கள்? ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுப்பார்கள். அதை ஒன்றரை நிமிடமாக நறுக்கி, மேலே இடிமுழக்கப் பின்னணி இசை போடுவார்கள். முதல் ஷாட்டிலிருந்து கடைசி ஷாட் வரை அதே நீலச் சட்டை, அதே விடுதி அறை, அதே மதிய வெயில். பார்ப்பவருக்கு ஒரு மதியப் பொழுது சுருங்கித் தெரியுமே தவிர, பின்னால் பெரிய படம் ஒன்று இருப்பதாகத் தோன்றாது.

டிரெய்லரில் வருகிற ஷாட் படத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. 1960-ல் 'சைக்கோ'வுக்கு வந்த ஆறரை நிமிட டிரெய்லரில் ஹிட்ச்காக்கே அந்த மோட்டலையும் வீட்டையும் சுற்றிக்காட்டிக்கொண்டு நடக்கிறார். கடைசியில் குளியலறைத் திரையை இழுக்க, ஒரு பெண் அலறுகிறாள். படத்தில் அந்தக் குளியலறையில் இருப்பவர் ஜேனட் லீ. டிரெய்லரில் அலறுவதோ விக் வைத்த வேரா மைல்ஸ். டிரெய்லருக்கென்றே தனியாக எடுத்த ஷாட் அது. மாணவர் டிரெய்லரில் எல்லா ஷாட்டும் இந்த வகைதான். முன்பின் காட்சி எதுவும் இல்லாமல், அந்த இரண்டு வினாடிக்காகவே எடுக்கப்படுபவை.

பேச வசதியாக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். சிற்றூர்க் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டுத் தமிழ் வகுப்பு. புதிதாக வந்த ஆசிரியை வருகைப் பதிவேட்டை வாசிக்கிறார். எல்லோரும் "உள்ளேன் அம்மா" என்கிறார்கள். 34-வது பெயரை வாசித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "உள்ளேன் ஐயா." நிமிர்ந்து பார்த்தால் அங்கே ஆள் இல்லை. படத்தின் பெயரும் அதுவே, 'உள்ளேன் ஐயா'. அந்தக் குரல் இவருக்குப் பதில் சொல்லவில்லை. இவருக்கு முன்னால் அதே பெயரை வாசித்த யாரோ ஓர் ஆணுக்குச் சொல்கிறது. ஒரு பெயர், ஒரு பதிவேடு, ஒரு குரல், இவ்வளவுதான் செலவு. டிரெய்லருக்கு ஏற்ற கதைக்கரு இப்படித்தான் இருக்க வேண்டும். பத்து வினாடிக்குள் சொல்லிவிடலாம், சொன்னவுடன் கேட்பவரிடம் கேள்வி ஒன்று எழுந்துவிடும். உங்கள் ஒன்லைனை, அதாவது கதையின் ஒரு வரிச் சுருக்கத்தை, 25 வார்த்தைக்குள் எழுதி வகுப்பில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் "அப்புறம்?" என்று கேட்டால் மேலே போகலாம். "சூப்பர் மச்சி" என்றால் கதையை மாற்றுங்கள்.

அடுத்தது, எந்த வகைப் படம் என்று தீர்மானிப்பது. "ஹாரர் த்ரில்லர்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அது போதாது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் நான்கு இடத்திலிருந்து பிறக்கும் என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை (ஆள்பவர்). இந்தக் கதைக்கு அதைப் போட்டுப் பாருங்கள். குரல் செத்துப்போன மாணவனுடையது என்றால் அணங்கு, பேய்ப் படம். இல்லாத மாணவன் பெயரில் யாரோ உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் கள்வர், குற்றப் படம். ஒரு மாணவனுக்கு நடந்ததை நிர்வாகம் மூடி மறைக்கிறது என்றால் இறை, அதிகாரத்தைப் பற்றிய படம். பதிவேடும் குரலும் அப்படியே இருக்க, மூன்று படங்கள். மூன்றுக்கும் லைட்டிங் வேறு, வசனம் வேறு, கடைசி ஷாட் வேறு. தேர்வாளர் எதிர்பார்க்கிற 'வகைமை ஆய்வு' என்பது இந்த முடிவை எடுப்பதற்குத்தான். சமநிலை, குலைவு, மீட்சி என்று கதை நகரும் என்கிற தோடோரோவின் சமநிலைக் கோட்பாடும், விடை தள்ளிப்போகிற கேள்விகள் கதையை இழுத்துச்செல்லும் என்கிற ரோலன் பார்த்தின் புதிர்க் குறியீடும் அறிக்கையில் ஒட்டுவதற்கு என்று இருந்தால் விட்டுவிடலாம். அவற்றை வைத்து எடிட்டிங்கில் ஒரு 'கட்'டையாவது மாற்றினீர்கள் என்றால் எழுதுங்கள். உதாரணமாக, சமநிலை குலைந்த இடத்தோடு டிரெய்லர் நின்றுவிட வேண்டும், மீட்சி ஒரு ஷாட்கூட வரக்கூடாது என்று தோடோரோவை வைத்து முடிவெடுக்கலாம். அது உபயோகம்.

பார்ப்பது வேறு, அளப்பது வேறு

டிரெய்லர் ஆய்வு என்றால் பத்து டிரெய்லரைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் கீழே "இசை விறுவிறுப்பாக உள்ளது" என்று எழுதுவதாக ஒரு வழக்கம் வந்துவிட்டது. அதிலிருந்து ஷூட்டிங்குக்கு எடுத்துப்போக ஒன்றும் கிடைக்காது. ஆறு டிரெய்லர் போதும். உங்கள் வகையில் தமிழ் இரண்டு, வேற்றுமொழி இரண்டு, குறைந்த செலவுப் படம் ஒன்று, உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒன்று. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள்; எது சலிக்கவைத்தது என்று தேடும்போதுதான் கண் கூர்மையாகும்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை. முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு. இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு. மூன்றாம் முறை யூடியூபில் வேகத்தைக் கால் பங்காகக் குறைத்து, நிறுத்தி நிறுத்தி. கணினியில் பார்த்தால், வீடியோ நின்றிருக்கும்போது கீபோர்டில் முற்றுப்புள்ளியை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னால் நகரும், காற்புள்ளியை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னால். ஒரு தாளில் கட்டம் போட்டு நேரம், ஷாட் அளவு, யார் இருக்கிறார், என்ன கேட்கிறது, திரையில் என்ன எழுத்து என்று நிரப்புங்கள். நிரப்பிய பிறகு ஒவ்வொரு பத்து வினாடிக்கும் எத்தனை ஷாட் என்று எண்ணி கிராஃப் தாளில் புள்ளி வையுங்கள். பல டிரெய்லர்களில் அந்தக் கோடு ஒரே மாதிரி போவதைப் பார்ப்பீர்கள்: முதலில் தாழ்வாக நகர்ந்து, நடுவில் ஏறி, டைட்டிலுக்குச் சற்று முன்னால் செங்குத்தாக எழும்பி, டைட்டிலில் சட்டென்று விழும். தமிழ் டிரெய்லர்களில் டைட்டில் முடிந்த பிறகும் ஒரு சின்ன மேடு இருக்கும். ஒரு நகைச்சுவை வசனமோ கடைசி அதிர்ச்சியோ அங்கே செருகியிருப்பார்கள்.

கண்ணை மூடிக் கேட்ட முறையில் இன்னொன்று தெரிந்திருக்கும். டிரெய்லரில் ஓடுகிற வசனங்கள் ஒரே காட்சியின் வசனங்கள் அல்ல. எங்கெங்கோ பேசியவற்றை அடுக்கி, ஒருவர் கதை சொல்வதுபோல ஆக்கியிருப்பார்கள். பேசுகிறவர் முகம் பாதிக்கும் மேல் திரையில் இருக்காது. உங்கள் ஸ்கிரிப்டை எழுதும் முறையையே இது மாற்றிவிடும். அதைப் பிறகு பார்ப்போம்.

டீசரா டிரெய்லரா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். முப்பதிலிருந்து அறுபது வினாடிக்குள் ஒரு மனநிலையை மட்டும் காட்டுவது டீசர். ஆள், இடம், சிக்கல் மூன்றும் புரிந்தாக வேண்டியது டிரெய்லர். அமெரிக்கத் தியேட்டர் உரிமையாளர் சங்கம் 2014-ல் டிரெய்லர் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று விநியோகஸ்தர்களைக் கேட்டுக்கொண்டது. மாணவருக்கு இரண்டு நிமிடமே ஆபத்து. தொண்ணூறு வினாடி நல்ல அளவு. "ரெண்டு நிமிஷம் இருந்தா மார்க் ஜாஸ்தி" என்று சீனியர்கள் சொல்வதை நம்பாதீர்கள். கூடுதலான அந்த முப்பது வினாடியை நிரப்ப, எடுத்ததில் சுமாரானவையும் உள்ளே வந்துவிடும்.

பார்வையாளர் ஆய்வுக்கு கூகுள் ஃபார்மில் "உங்களுக்கு த்ரில்லர் பிடிக்குமா?" என்று கேட்டு 40 பேரிடம் "ஆம்" வாங்கி வட்ட வரைபடம் போடுவதும் வீண் வேலை. யார் இல்லை என்பார்கள்? கடைசியாக முழுதாகப் பார்த்த டிரெய்லர் எது, எங்கே பார்த்தார்கள், எந்த இடத்தில் தள்ளிவிடத் தோன்றியது என்று கேளுங்கள். பத்துப் பேர் உண்மையாகச் சொன்னாலே போதும். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பார்க்கிறவர்களே அதிகம் என்று தெரிந்தால், உங்கள் எழுத்து கார்டுகளின் அளவு உடனே மாறும். அந்தச் சின்ன அகலத்தில் படிக்க முடியாத எழுத்து வீண். வயதுப் பிரிவு எழுதும்போது தணிக்கை வாரியத்தின் புதிய பிரிவுகளைப் பயன்படுத்துங்கள். பழைய ஒற்றை யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஆனால் டிரெய்லரின் தலையில் தணிக்கைச் சான்றிதழை நீங்களே ஃபோட்டோஷாப்பில் செய்து வைக்காதீர்கள். அமெரிக்க டிரெய்லர்களின் தலையில் வருகிற பச்சை நிற அனுமதிக் கார்டை டெம்ப்ளேட்டில் இறக்கி ஒட்டுவதும் அதே தப்பு. தியேட்டரில் ஓட்டுகிற டிரெய்லருக்கு உண்மையாகவே வாரியத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காததை வாங்கியதாகக் காட்டுவது அலங்காரம் ஆகாது. "மாணவர் பயிற்சிப் படைப்பு" என்று ஒரு கார்டு போட்டால் கௌரவமாகவே இருக்கும்.

58 ஷாட்

இனி கணக்கு. தொண்ணூறு வினாடியில் தொடக்க லோகோவுக்கு 3, நடுவில் வரும் மூன்று எழுத்து கார்டுகளுக்கு 6, டைட்டிலுக்கு 4, கடைசி கிரெடிட் கார்டுக்கு 3 என்று 16 வினாடி போய்விடும். மீதி 74. முதல் 24 வினாடியில் ஷாட்டுக்கு மூன்று வினாடி என்றால் 8 ஷாட். அடுத்த 30 வினாடியில் ஒன்றரை வினாடி வீதம் 20. கடைசி 20 வினாடியில் வேகம் கூடி 30 ஷாட். மொத்தம் 58. ஒரு கேமரா பொசிஷனிலிருந்து இரண்டு மூன்று உருப்படியான ஷாட் எடுக்கலாம் என்றால் ஏறக்குறைய 23 பொசிஷன். லைட் மாற்றி, ஆளை நிறுத்தி, ஒலி பார்த்து எடுக்கிற மாணவர் குழுவுக்கு ஒரு நாளில் 12 பொசிஷன் தாண்டுவது சிரமம். ஆக இரண்டு முழு நாள். அரை நாளில் முடித்துவிடலாம் என்ற நினைப்பு இந்தக் கணக்கைப் போட்டவுடன் போய்விடும்.

அந்த 58-ஐயும் காட்சிகளாக யோசிக்காமல் தருணங்களாக எழுதுங்கள். ஒரு தருணம் ஒரு வரி. "ஆசிரியை பேனாவைப் பதிவேட்டில் வைக்கிறார், கை நிற்கிறது." "வராந்தாக் கோடியில் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்." "அலுவலக அலமாரியில் 1998 என்று அட்டை ஒட்டிய பதிவேடு." "மழையில் நனைந்தபடி ஆசிரியை பூட்டிய வகுப்பறைக் கதவைத் தட்டுகிறார்." ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இது தெரிவிப்பது என்ன, மறைப்பது என்ன' என்று இரண்டு சொல் எழுதுங்கள். எதையும் மறைக்காத தருணம் டிரெய்லருக்குத் தேவையில்லை. எல்லாவற்றையும் மறைப்பதும் உதவாது. வெறும் புகையாக நிற்கும்.

பெரிய படம் ஒன்று இருப்பதாக நம்பவைக்கப் பணத்தைவிட உடையும் ஒளியும் கைகொடுக்கும். ஆசிரியைக்கு நான்கு புடவை. முதல் நாள் வகுப்புக்கு ஒன்று, அலமாரியைத் துழாவும் நாளுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. நான்கு புடவை என்றால் நான்கு நாள் என்று கண் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். மாணவன் பாத்திரத்தில் இருப்பவர் ஷூட்டிங்குக்கு முன் இரண்டு வாரம் தாடி வளர்க்கட்டும். தாடியுள்ள ஷாட்டுகளை முதலில் முடித்து, மதியம் சவரம் செய்துவிட்டு முந்தைய மாதங்களை எடுக்கலாம். மறுமுறை ஒட்ட முடியாது என்பதால் அந்தப் பட்டியலை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். சுவரில் தினசரி காலண்டர் தாள் வைத்தால் தேதி பார்த்து வையுங்கள். டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற தலைமுறை இது, ஞாயிற்றுக்கிழமையில் வகுப்பு நடப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இடமும் அப்படியே. ஒரே வகுப்பறை மூன்று இடமாகும்: கரும்பலகையை நோக்கி, ஜன்னலை நோக்கி, கதவு வழியே வராந்தாவை நோக்கி. ஜன்னல் பக்கம் எடுக்கும்போது பெஞ்சுகளை ஒதுக்கி மேசை ஒன்றும் பைல் கட்டும் வைத்தால் அது கல்லூரி அலுவலகம். இரவு ஷாட்டை நள்ளிரவில் எடுக்காதீர்கள். செல்போன் சென்சாரில் கருப்பு முழுக்கப் புள்ளிபுள்ளியாகக் கொதிக்கும். சூரியன் இறங்கிய பிறகு வானத்தில் நீலம் நிற்கிற இருபது நிமிடம்தான் சினிமாவின் இரவு. சென்னையில் நவம்பர் இறுதியில் 5:40 வாக்கில் அஸ்தமனம், ஜூலையில் 6:40 வாக்கில். அந்த இருபது நிமிடத்துக்கு மூன்று ஷாட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள். ஒத்திகையை ஐந்து மணிக்கே முடித்துவிடுங்கள். மழைக்கு ஒரு தோட்டக் குழாய் போதும், ஆனால் லைட் மழைக்குப் பின்னாலிருந்து கேமராவை நோக்கி வர வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது, ஆள் மட்டும் நனைந்துகொண்டிருப்பார்.

ஸ்கிரிப்டைச் சாதாரணத் திரைக்கதை வடிவில் எழுதாமல் தாளை நெடுக்கில் இரண்டாக மடித்து, இடப்பக்கம் படம், வலப்பக்கம் ஒலி என்று எழுதுங்கள். முதலில் வலப்பக்கத்தை முழுதாக நிரப்புங்கள். 'உள்ளேன் ஐயா'வின் ஒலிப் பத்தி இப்படி ஆரம்பிக்கும்: மின்விசிறி, பெயர்கள் வாசிக்கும் குரல், "உள்ளேன் அம்மா" நான்கைந்து முறை, ஒவ்வொன்றும் வேறு குரல், 34-வது பெயர், மின்விசிறிச் சத்தம் நிற்கிறது, "உள்ளேன் ஐயா". இதற்கு நேராக இடப்பக்கத்தில் என்ன போட்டாலும் வேலை செய்யும். வெறும் பதிவேட்டுத் தாளே போதும். பிறகு வசனங்கள். டிரெய்லர் வசனத்துக்கு ஒரே சோதனை, முன்பின் தெரியாதவருக்கு அந்த ஒரு வரி தனியாக நிற்க வேண்டும். "நேத்து நீ சொன்னத நான் அவங்ககிட்ட சொல்லிட்டேன்" நிற்காது. "அந்தப் பேரை மட்டும் வாசிக்காதீங்க மேடம்" நிற்கும்.

இந்தத் தாள் முடிந்ததும் அனிமேட்டிக், அதாவது அசையாப் படங்களை ஒலியோடு அடுக்கிய மாதிரி டிரெய்லர். ஓவியம் வராது என்று பயப்பட வேண்டாம். லொகேஷனுக்கே போய், கூட வந்தவர்களை நிறுத்தி, போனில் 58 ஸ்டில் எடுத்து, போனிலேயே பதிவு செய்த குரலோடு டைம்லைனில் அடுக்குங்கள். அதை டிரெய்லரைப் பற்றி எதுவும் தெரியாத எட்டுப் பேருக்கு ஒரே ஒருமுறை போட்டுக்காட்டிக் கேளுங்கள்: யாருடைய கதை? அவருக்கு என்ன தெரிய வேண்டும்? முடிவு என்னவாக இருக்கும்? முதல் இரண்டுக்கும் எட்டுப் பேரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு ஆளுக்கொரு பதில் வர வேண்டும். மூன்றாவதற்கும் பாதிக்கு மேல் ஒரே பதில் வந்தால் எந்த ஷாட் காட்டிக்கொடுத்தது என்று கேட்டு அதைத் தூக்குங்கள். ஷூட்டிங்குக்கு முன்னால் தூக்கினால் ஒரு போட்டோதான் நஷ்டம்.

ரெக்கி, அதாவது இடம் பார்க்க, போகும்போது ஷூட்டிங் நேரத்துக்கே போக வேண்டும். காலை பத்து மணிக்குப் பார்த்து "செம லொகேஷன்" என்று முடிவு செய்த வகுப்பறையில் மாலை நான்கு மணிக்குப் பக்கத்து மைதானத்தில் என்.சி.சி. பரேடு நடக்கும். ஆடி மாதம் என்றால் அருகில் அம்மன் கோயில் இருக்கிறதா, ஒலிபெருக்கி எந்தப் பக்கம் கட்டுவார்கள் என்று விசாரியுங்கள். மார்கழி என்றால் விடியற்காலை. கல்லூரி முதல்வரிடம் வாங்கும் அனுமதிக் கடிதத்தில் தேதி, நேரம், எத்தனை பேர், எந்த அறை என்று எழுதியிருக்க வேண்டும், வாட்ச்மேனிடம் ஒரு நகல் இருக்க வேண்டும். பொது இடத்தில் பொம்மைத் துப்பாக்கியோ கத்தியோ எடுப்பதாக இருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லாமல் எடுக்கக் கூடாது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோயில், கோட்டைக்கும், ரயில் நிலையத்துக்கும் தனித்தனி அனுமதி, அதற்கு வாரங்கள் ஆகும். முதல் டிரெய்லருக்கு இதெல்லாம் வேண்டாம்.

ட்யூப்லைட்

மாணவர் வேலைகளில் அடிக்கடி காண்கிற கோளாறு, வகுப்பறை ஷாட்டில் திரை முழுக்க மெல்லிய பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடுவது. எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் படும். காரணம் மின்சாரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. போன் கேமராவை ஆட்டோவில் விட்டால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 வினாடிக்கோ 1/120 வினாடிக்கோ போய் நிற்கலாம். அப்போது ஒவ்வொரு ஃபிரேமும், ஃபிரேமின் ஒவ்வொரு வரிசையும் அந்தத் துடிப்பின் வேறு வேறு பங்கைப் பிடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் பூட்டினால் ஒவ்வொன்றிலும் முழுத் துடிப்பு விழுந்து பட்டை மறையும். அதனால்தான் "சினிமா லுக்" என்று 24 ஃபிரேமுக்கு ஓடாமல், இங்கே 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்துக்கொள்வது நிம்மதி. மலிவான எல்.இ.டி. பல்புகள் இந்தக் கணக்குக்கும் அடங்காமல் துடிக்கும். ரெக்கியிலேயே பத்து வினாடி எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள்.

போனில் இன்னொரு சிக்கல், அது வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை ஒளிக்குத் தக்கபடி தானாக மாற்றிக்கொண்டே போகும். தனி ரிக்கார்டரில் எடுத்த ஒலி ஆரம்பத்தில் உதட்டோடு பொருந்தி, ஒரு நிமிடத்தில் நழுவுவது இதனால்தான். இலவசமாகக் கிடைக்கிற பிளாக்மேஜிக் கேமரா ஆப் மாதிரி ஃபிரேமைப் பூட்டுகிற ஆப் ஒன்றில் எடுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டால், எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத ஃபிரேம் வீதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிளிப்புகளை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கித்தான் கொடுக்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், பென் டிரைவில் கொடுப்பது இன்னும் நல்லது.

கருப்புப் பட்டை போட்ட அகலத்திரை வேண்டும் என்றால் அதை ஷூட்டிங்கிலேயே போட வேண்டும். 1920-க்கு 1080 அளவில், அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு இருக்கிற விகிதத்துக்கு மேலும் கீழும் 138 பிக்சல் போய்விடும், அதாவது படத்தின் உயரத்தில் கால் பங்கு. போன் திரையில் அந்த அளவுக்குக் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டு கம்போஸ் செய்யுங்கள். எடிட்டிங்கில் பிறகு போட்டால் எல்லோருடைய நெற்றியும் போகும்.

ஒலிக்கு மின்விசிறியை நிறுத்துவது தவிர வேறு வழியில்லை. வியர்க்கும், டேக் முடிந்தவுடன் போட்டு, ஆரம்பிக்கும் முன் அணைக்க ஓர் ஆளை ஸ்விட்ச் அருகில் நிறுத்துங்கள். ஒவ்வொரு அறையிலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க அறையின் வெற்று ஒலியை 30 வினாடி எடுத்துவைக்க வேண்டும், வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது இல்லாமல் முடியாது. "உள்ளேன் ஐயா" என்ற இரண்டு சொல்லை மட்டும் கேமரா இல்லாமல், மைக் ஒரு சாணில், கடைசி பெஞ்சில், வராந்தாவில் என்று மூன்று தூரத்தில், ஒவ்வொன்றும் மூன்று தொனியில் பதிவு செய்யுங்கள். ஒன்பது பதிவு, ஐந்து நிமிட வேலை. தொலைவை எஃபெக்டில் பிறகு செய்துகொள்ளலாம் என்பார்கள். உண்மையான வராந்தா எதிரொலியோடு பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

கடைசி 20 வினாடிக்கான 30 ஷாட்டில் பாதிக்கு ஆளே வேண்டாம். சாக்பீஸ் ஒடிவது, சாவிக்கொத்து, பதிவேட்டில் மை பரவுவது, நின்றுகொண்டிருக்கும் மின்விசிறி இறக்கை. வீட்டு மேசையில் ஒரு டேபிள் லேம்ப்போடு ஒரு மாலையில் எடுத்துவிடலாம். இவற்றுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்காத குழுக்கள், எடிட்டிங்கில் வேகம் கூட்ட வழியில்லாமல் ஒரே ஷாட்டை நான்கு துண்டாக்கிப் போடுவார்கள்.

டைட்டிலில் ஒரு புள்ளி

தமிழில் டைட்டில் அடிக்கும்போது சில எடிட்டிங் மென்பொருள்களில் 'உள்ளேன்' என்பதில் உள்ள ஏகாரக் கொம்பு ளகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழும். யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் உயிர்க்குறி சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தைக் கோக்கிற நிரலின் வேலை. அந்த நிரல் தெற்காசிய எழுத்துக்குத் தயாராக இல்லை என்றால் கொம்பு இருந்த இடத்திலேயே கிடக்கும். அடோபி மென்பொருள்களில் எழுத்து அமைப்பில் தெற்காசிய அல்லது உலக மொழிகளுக்கான தேர்வை மாற்றினால் சரியாகும். மாற்ற வழியில்லாத மென்பொருள் என்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் டைட்டிலை அமைத்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக எடுத்துச் சேருங்கள். எழுத்துருவுக்குக் காசு தேவையில்லை: நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. புள்ளி விட்டுப்போகாமல் பாருங்கள். தலைப்பில் ஒற்றெழுத்தின் புள்ளி கருப்புப் பின்னணியில் மங்கிப்போய் 'உளளேன' என்று தெரிகிற டைட்டில்கள் நிறையவே உண்டு.

எடிட்டிங்கில் ஒலிப் பத்தியை முதலில் முழுதாக அடுக்குங்கள், பிறகு அதன் மேல் படம். இசை ஒரே டிராக்காக இருந்தால் டிரெய்லர் சினிமாப் பாட்டு மாதிரி ஆகிவிடும். தொடக்கத்துக்கு ஓர் ஓசை, நடுவுக்கு ஒரு துடிப்பு, முடிவுக்கு அடிகள் என்று மூன்று துண்டு. டைட்டிலுக்கு முன் ஒரு முழு வினாடி சுத்த மௌனம். அந்த ஒரு வினாடி விடப் பலருக்கு மனசு வராது.

இசையை எங்கே எடுப்பது என்பதில்தான் நல்ல டிரெய்லர்கள் யூடியூபில் ஊமையாகிப் போகின்றன. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு கற்பித்தலுக்குச் சில விலக்குகள் தருகிறது. அது வகுப்பறை அளவிலானது, பொதுவில் ஏற்றுவதற்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. யூடியூப் ஆடியோ லைப்ரரி பாதுகாப்பானது. படைத்தவரே நிபந்தனையோடு பிறர் பயன்படுத்த அனுமதிக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் இசை எடுத்தால் உரிமத்தில் 'என்.டி.' (மாற்றக் கூடாது) என்று இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் அந்த இசையைப் படத்தோடு சேர்க்கவே அனுமதி இல்லை; இசையைக் காட்சியோடு ஒத்திசைப்பதே மாற்றம் செய்ததாகக் கருதப்படும். பாரதி பாட்டு பொதுவுடைமைதானே என்று கேட்பார்கள். பாட்டு பொதுவுடைமை, யாரோ இசையமைத்துப் பாடிய ஒலிப்பதிவு அப்படியல்ல. பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. வகுப்பில் பாடத் தெரிந்த ஒருவரைச் சொந்த மெட்டில் பாடச் சொல்லி நீங்களே பதிவு செய்தால் யாரையும் கேட்க வேண்டாம், டிரெய்லருக்கும் அது தனி முகம் தரும்.

யூடியூப் ஒலியளவை ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கிற சத்தத்தை அளக்கும் அலகு) என்ற மட்டத்துக்குக் குறைத்து வைக்கும். அதைவிடச் சத்தமாக ஏற்றினால் குறைக்கும், மெதுவாக ஏற்றினால் கூட்டித் தராது. ஆகவே அந்த அளவை ஒட்டியே மிக்ஸ் செய்யுங்கள். டிப்பார்ட்மெண்ட் ஸ்பீக்கரில் நெஞ்சை அதிரவைத்த அந்தக் கடைசி 'தும்' போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது, அவ்வளவு கீழ் ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. அதன் மேலேயே கதவு அறைகிற சத்தமோ பெஞ்ச் இழுபடுகிற சத்தமோ ஒன்றைச் சேர்த்து, போனை மேசையில் வைத்து, மின்விசிறியை ஓடவிட்டு ஒருமுறை கேளுங்கள். அந்தச் சத்தத்தில் "உள்ளேன் ஐயா" காதில் விழுந்தால் ஏற்றிவிடலாம்.